வளர்ச்சிக் காரணி ஊசிக்கு நாலரை லட்சம் கொடுக்கலாமா?

சோமனூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். வயது 33. உயிரித் தொழில்நுட்பம் படித்தவர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருந்தவர், அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டிருக்கிறார். அப்பாவுக்கு 61. பரம்பரையாக விசைத்தறி. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. இப்போது ஊன்றுகோலைப் பிடித்து நடக்கிறார். பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. வலது கையில் மணிக்கட்டைக் கொஞ்சம் நிமிர்த்தவும் விரல்களைப் பாதி திறக்கவும் முடிகிறது. மூன்று மாதம் பிசியோதெரபி கொடுத்தார்கள். "ஆறு மாசத்துக்கு மேல ஒண்ணும் திரும்பாதுங்க" என்று யாரோ சொன்ன பிறகு அது நின்றுவிட்டது.

இந்த நிலையில் ஒரு ஒரம்பரைக்காரர் (உறவினர்) வெளியூர் கிளினிக் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். 'நரம்பு வளர்ச்சிக் காரணி ஊசியும் ஸ்டெம் செல்லும் சேர்ந்த பேக்கேஜ்', நாலரை லட்சம் ரூபாய். அண்ணனும் நங்கையும் (அண்ணி) தோட்டத்தில் ஒரு பகுதியை விற்கத் தயாராக இருக்கிறார்கள். இவருக்கும் அந்த ஊசியில் நம்பிக்கை வந்திருக்கிறது. காரணத்தை இப்படி எழுதுகிறார்: "நரம்பு செல்லின் சவ்வில் டிராக்-பி ஏற்பி இருக்கிறது. பி.டி.என்.எஃப். வந்து அதில் ஒட்டினால் சினாப்ஸ் பலப்படுகிறது. அப்படியானால் பி.டி.என்.எஃப்.ஐ ஊசியில் கொடுத்தால் அப்பாவின் கை திரும்ப வேண்டும் இல்லையா டாக்டர்?" (பி.டி.என்.எஃப். என்பது மூளையே தயாரிக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி. டிராக்-பி ஏற்பி, அது வந்து ஒட்டும் புரதம். சினாப்ஸ், இரண்டு நரம்பு செல்கள் இணையும் இடம்.) அந்த கிளினிக் சொன்னபடி ரத்தத்தில் பி.டி.என்.எஃப். அளவும் ஒரு மரபணுப் பரிசோதனையும் பார்த்திருக்கிறார்கள். 'அளவு குறைவு, மரபணுவும் மெட் வகை' என்று அறிக்கை வந்ததிலிருந்து, அப்பாவால் இனி எதையும் கற்க முடியாதோ என்று பயம். கூடவே, சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும் என்று படித்துக் கொலஸ்ட்ரால் மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறார். மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையை, 'பைத்தியத்துக்குத் தர்றது' என்று ஒரம்பரை சொன்னதால் அம்மா நிறுத்திவிட்டார். மஞ்சள் கேப்சூல் நல்லதா என்றும், அப்பா தறிக்குடோனுக்கு வரணும் என்று அடம் பிடிக்கிறார், விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மிணிக்கு,

ஊசியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் நிறுத்திய இரண்டு மாத்திரைகள். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. நாளைக்கே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு, இத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறோம் என்று மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் அளவில் மறுபடி தொடங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் தொடர்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

கொலஸ்ட்ராலைப் பற்றி நீங்கள் படித்தது பொய் இல்லை. ஃபின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் ஈரோ காஸ்ட்ரேனின் குழு 2021ல் வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். டிராக்-பி ஏற்பி சவ்வை ஊடுருவிச் செல்லும் இடத்தில், சவ்விலுள்ள கொலஸ்ட்ராலுக்கு ஏற்ப அதன் அமைப்பு மாறுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். மிதமான கொலஸ்ட்ரால் பி.டி.என்.எஃப். சமிக்ஞைக்கு உதவுகிறது, அளவு கூடினால் அதே சமிக்ஞை மட்டுப்படுகிறது. ஆனால் அங்கே பேசப்படுவது மூளைக்குள், நரம்பு செல்லின் சவ்வில் இருக்கிற கொலஸ்ட்ரால். அதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் துகள்கள் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. மாத்திரையை நிறுத்தியதால் அப்பாவின் சினாப்ஸ்களுக்கு ஒன்றும் சேராது. கழுத்திலும் மூளையிலும் இருக்கும் ரத்தக்குழாய்ச் சுவர்களில்தான் சேரும். பக்கவாதமோ தற்காலிக மூளை ரத்த அடைப்போ வந்த 4,700க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்து 2006ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை எடுத்தவர்களில் 11.2 சதவீதம், எடுக்காதவர்களில் 13.1 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாவது அடைப்பு வந்தால், இந்த ஏழு மாதத்தில் அப்பா மீட்டெடுத்த நடையும் பேச்சும் ஒரே காலையில் போகலாம்.

மனச்சோர்வு மாத்திரை விஷயத்தில் உங்கள் வீட்டில் இரண்டு தவறான கருத்துகள் எதிரெதிராக இழுக்கின்றன. அம்மாவுக்கு அது பைத்தியத்துக்கான மருந்து. உங்களுக்கோ, அதே ஹெல்சின்கி ஆய்வில் இந்த வகை மருந்துகள் டிராக்-பி ஏற்பியிலேயே போய் ஒட்டுகின்றன என்று படித்ததிலிருந்து, அளவைக் கூட்டினால் கை வேகமாகத் திரும்புமோ என்று ஓர் ஆசை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மன பலவீனமும் காரணமில்லை, தலைவிதியும் காரணமில்லை. அடிபட்ட மூளையும் கைவிட்டுப்போன வாழ்க்கையும் சேர்ந்து கொண்டுவருவது. 'எனக்கு எதுக்கு இனி மாத்திரை' என்று அப்பா சோற்றைத் தள்ளிவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் நேராகக் கேளுங்கள், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இன்னொன்று. சீரியல் பார்த்தாலும் அழுகிறார், பேத்தி வந்தாலும் அழுகிறார், இரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடுகிறது என்கிறீர்களே, அது வேறாக இருக்கலாம். அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதை அடிபட்டால் மனதில் துக்கம் இல்லாமலே கண்ணீர் வரும். அதற்கும் மருந்து உண்டு. மருத்துவரிடம் இதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது: பிரிட்டனில் 3,127 பக்கவாத நோயாளிகளிடம் ஃப்ளுவாக்சடீன் என்ற மனச்சோர்வு மாத்திரையை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018 இறுதியில் வெளியானது. கை, கால், அன்றாட வேலை என்று எதிலும் கூடுதல் முன்னேற்றம் இல்லை. புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. ஆய்வகத்தில் ஏற்பியில் ஒட்டுவது ஒன்று, மனிதரின் கை திரும்புவது வேறு. மனச்சோர்வுக்கு என்று அந்த மாத்திரையைக் கொடுங்கள், மருத்துவர் சொன்ன அளவிலேயே.

சவ்வில் நடப்பது என்ன

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரி. டிராக்-பி உண்டு, பி.டி.என்.எஃப். உண்டு, சினாப்ஸ் பலப்படுவதும் உண்மை. ஆனால் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படியில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு நரம்பு செல் குளுட்டமேட் என்ற சேதி சொல்லும் வேதிப்பொருளை விடுகிறது. எதிர் செல்லின் சவ்வில் அதைப் பெறுவதற்கு இரண்டு விதமான வாயில்கள். ஆம்பா ஏற்பி உடனே திறக்கும். என்.எம்.டி.ஏ. ஏற்பி திறக்காது, அதன் துளையில் ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். எதிர் செல்லும் அதே நேரத்தில் விழிப்போடு, மின்னழுத்தம் ஏறிய நிலையில் இருந்தால்தான் அந்த அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே பாயும். அதாவது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். முயலின் மூளையில் ஒரு பாதையைத் திரும்பத் திரும்பத் தூண்டினால் அந்த இணைப்பு மணிக்கணக்கில் பலமாகவே நிற்கிறது என்று டிம் பிளிஸ்ஸும் டெர்யே லோமோவும் 1973ல் எழுதினார்கள். அதன் உள்வேலை இதுதான் என்பது பின்னால் தெரிந்தது.

அந்தக் கால்சியம் உள்ளே வந்த பிறகுதான் பி.டி.என்.எஃப். வெளியே வருகிறது. எந்த நேரமும் கசிந்துகொண்டிருக்கும் பொருள் இல்லை அது. பெரும்பகுதி செல்லுக்குள் பைகளில் காத்திருந்து, செல் சுறுசுறுப்பாக இயங்கும்போது அந்த இடத்திலேயே விடப்படுகிறது. வெளியே வந்த பி.டி.என்.எஃப். சவ்விலுள்ள இரண்டு டிராக்-பி ஏற்பிகளை ஜோடி சேர்க்கிறது. ஜோடி சேர்ந்த ஏற்பிகள் ஒன்றின் உள்வால்மீது மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அதிலிருந்து செல்லுக்குள் மூன்று முக்கியமான பாதைகள் கிளம்புகின்றன. ஒன்று கால்சியத்தை மேலும் கூட்டுகிறது, ஒன்று செல்லைச் சாகாமல் காக்கிறது, இன்னொன்று உட்கரு வரை சேதி கொண்டுபோய் மரபணுக்களை எழுப்புகிறது. சினாப்ஸின் அருகிலேயே புதுப் புரதம் தயாராகிறது. சவ்வில் ஆம்பா ஏற்பிகள் கூடுதலாக வந்து அமர்கின்றன. அடுத்த முறை அதே அளவு குளுட்டமேட் வந்தாலும் பதில் பலமாக இருக்கும். இதைத்தான் சினாப்ஸின் நெகிழ்வு என்கிறோம்.

நீங்கள் தவறவிட்ட படி எது என்றால், டிராக்-பி ஏற்பி எல்லா நேரமும் சவ்வின் மேலேயே நிற்பதில்லை. நிறைய ஏற்பிகள் செல்லுக்குள் இருக்கும். செல் இயங்கும்போது அவை சவ்வுக்கு ஏறி வருகின்றன. சும்மா கிடக்கிற செல்லில் வாசலே குறைவு. வெளியிலிருந்து எவ்வளவு பி.டி.என்.எஃப்.ஐ ஊற்றினாலும் அதை ஏற்கிற இடம் இருக்காது. உங்கள் பகுதிக்காரர்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால் தெரியும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மடை திறந்த வயலுக்குத்தான் பாயும். இங்கே அந்த மடையைத் திறப்பது, அப்பா தன் கையை அசைக்க எடுக்கிற முயற்சி.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பி.டி.என்.எஃப். முதலில் ஒரு நீண்ட முன்வடிவமாக உருவாகிறது. அது வெட்டப்படாமல் அப்படியே வெளியே வந்தால் டிராக்-பியை விட்டுவிட்டு பி75 என்ற வேறொரு ஏற்பியைப் பிடிக்கும், இணைப்பைப் பலவீனப்படுத்தும். ஒரே மரபணுவிலிருந்து வரும் பொருள், எந்த வடிவத்தில், எந்த ஏற்பியைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது. இதற்காகவே 'வளர்ச்சிக் காரணி என்றால் நல்லது, கூடக் கூட நல்லது' என்ற எண்ணத்தை நீங்கள் விட வேண்டும். டிராக்-பி ஓயாமல் தூண்டப்பட்டால் செல் அந்த ஏற்பிகளையே குறைத்துக்கொள்கிறது. விலங்குகளில் வலிப்பு நோய் உருவாவதிலும் அளவுமீறிய டிராக்-பி தூண்டலுக்குப் பங்கு இருக்கிறது.

ஊசியில் ஏன் வராது

இதை யாரும் முயன்று பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மொந்தால்சினி, இத்தாலியில் யூதர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டிருந்த காலத்தில் வீட்டுப் படுக்கையறையில் கோழிக்கருக்களை வைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர். ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து 1986ல் நோபல் பரிசு பெற்றார். அதே குடும்பத்தைச் சேர்ந்த பி.டி.என்.எஃப். 1982ல் பன்றி மூளையிலிருந்து பிரிக்கப்பட்டது. அப்போதிருந்தே உலகம் முழுக்க நரம்பு மருத்துவர்களுக்கு உங்களுக்கு வந்த அதே நம்பிக்கைதான் இருந்தது.

1990களில், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயுள்ள 1,135 பேரைக் கொண்டு தோலுக்கடியில் பி.டி.என்.எஃப். ஊசி போட்டுப் பெரிய சோதனை நடந்தது. பலன் தெரியவில்லை. அது பெரிய புரதம், ரத்தத்தில் சில நிமிடங்களில் குறைந்துவிடுகிறது, ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போவதும் சொற்பம். சரி, நேரடியாக மூளைத் திரவத்திலேயே கொடுத்தால் என்ன என்று ஸ்வீடனில் அல்சைமர் நோயாளிகள் மூவருக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதுகு வலி, எடைக் குறைவு. 1998ல் அதையும் எழுதி வைத்தார்கள். இந்தக் காரணிகளில் மருந்தாக நிலைத்தது கண்ணில் விடும் சொட்டு மருந்து. கருவிழியின் உணர்வு நரம்பு செத்துப்போகும் ஒரு நோய்க்கு அமெரிக்காவில் 2018ல் அனுமதி கிடைத்தது. கருவிழிக்குப் போக ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்ட வேண்டியதில்லை, சொட்டு நேராகப் போய்ச் சேருகிறது.

அப்படியானால் கிளினிக்கில் போடுகிற 'வளர்ச்சிக் காரணி ஊசி' என்ன? மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் அது செரிப்ரோலைசின் ஆக இருக்கும். பன்றி மூளைப் புரதத்தைச் சிறு துண்டுகளாக்கிய கலவை. நம் ஊரில் மருத்துவர்கள் எழுதித்தருகிற மருந்துதான், தடை இல்லை. ஆனால் அடைப்பால் பக்கவாதம் வந்த முதல் நாட்களில் கொடுத்துப் பார்த்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வு, உயிரைக் காப்பதில் பலன் தெரியவில்லை என்றது; மரணத்தில் முடியாத தீவிரப் பாதிப்புகள் கூடலாம் என்றும் சொன்னது. ஏழு மாதம் கழித்து அதற்காக நிலத்தை விற்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஸ்டெம் செல்லும் உங்கள் உரிமையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவை தவிர, வேறு எந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் வழக்கமான சிகிச்சை இல்லை. பக்கவாதத்துக்கு அதைக் கொடுக்க வேண்டுமானால் பதிவுபெற்ற ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். ஆய்வில் சேருகிற நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது.

நம் நாட்டிலேயே ஐந்து மையங்களில் 120 பக்கவாத நோயாளிகளை வைத்து முறையாகச் சோதித்தார்கள். அவர்களுடைய எலும்பு மஜ்ஜைச் செல்களையே எடுத்து நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். 2014ல் முடிவு வந்தது: ஆபத்து தெரியவில்லை, பலனும் இல்லை. முறையாகச் செய்தபோது ஆபத்து இல்லை என்பதை, எங்கே போட்டாலும் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதத்துக்காக மூன்று நாடுகளுக்குப் போய்த் தண்டுவடத் திரவத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குத் தண்டுவடத்தில் கட்டி வளர்ந்தது. பரிசோதித்தபோது அந்தக் கட்டியின் செல்கள் அவருடையவையே அல்ல. 2016ல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது.

அந்த கிளினிக்கிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே? ஆய்வு என்றால் ஏன் பணம், ஆய்வு இல்லை என்றால் எந்த அனுமதியில் கொடுக்கிறீர்கள்? பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்தி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். அப்பாவின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அண்ணனும் நங்கையும் நிலத்தை விற்கத் துணிந்தது அப்பாமேல் உள்ள பாசத்தால். அதைக் குறை சொல்லிப் பேசாதீர்கள். இந்தக் கணக்கை அவர்கள் முன் வையுங்கள், போதும்.

ரத்த அளவும் மரபணு அறிக்கையும்

இந்த இரண்டு காகிதங்களையும் மடித்து வைத்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பி.டி.என்.எஃப். பெரும்பாலும் ரத்தத் தட்டணுக்களில் சேமித்து வைக்கப்பட்டது. மூளையில் அடிபட்ட இடத்தைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. மரபணு விஷயம், பி.டி.என்.எஃப். முன்வடிவத்தின் 66ஆவது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் (அறிக்கையிலுள்ள 'மெட்') இருப்பது. செல் இயங்கும்போது பி.டி.என்.எஃப். விடப்படுவது இதனால் கொஞ்சம் குறைகிறது என்று 2003ல் காட்டினார்கள். ஆனால் இது நோய் இல்லை. உலகில் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கிற சாதாரண வேறுபாடு. பக்கவாதத்துக்குப் பிறகு யார் எவ்வளவு மீள்வார் என்பதை இதை வைத்துக் கணிக்க முடியாது. உங்கள் அப்பா பிறந்ததிலிருந்தே இந்த மரபணு அவரிடம் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் பாவு பிணைக்கக் கற்றார், தறி ஓட்டினார், உங்களைப் படிக்க வைத்தார்.

மஞ்சள் கேப்சூல் வேண்டாம். குழம்பில் போடுகிற மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள். செறிவூட்டிய கேப்சூல், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு, சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது.

கைக்கு என்ன செய்வது

'ஆறு மாதத்துக்கு மேல் திரும்பாது' என்பது தவறு. வேகமாகத் திரும்புவது முதல் சில மாதங்களில்தான், அது உண்மை. அதற்குப் பிறகு தானாக வருவது குறைகிறது, பயிற்சியால் வருவது நிற்பதில்லை. லண்டனில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். 224 பேரில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. கை முன்னேறியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது நீடித்தது. பயிற்சி பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிட்டுச் செய்த ஆய்வும் இருக்கிறது. நல்ல கையை உறையிட்டுக் கட்டிவைத்து, பலவீனமான கையையே பயன்படுத்த வைக்கும் முறையை 222 பேரிடம் சோதித்து 2006ல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் கை நன்றாகவே முன்னேறியது. அந்த முறைக்கு மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானாக நிமிர்த்த முடிய வேண்டும். அப்பாவால் முடிகிறது! உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த வரி அதுதான். ஆனால் அவர் ஊன்றுகோலைப் பிடிப்பது இடது கையில். நடக்கும்போது அந்தக் கையைக் கட்டினால் விழுந்துவிடுவார். உட்கார்ந்திருக்கும்போது மட்டும், பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

இதற்கும் பி.டி.என்.எஃப்.க்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எலிகளுக்கு மூளையில் அடைப்பை உண்டாக்கி, இரையை எட்டி எடுக்கப் பயிற்சி கொடுத்தால் முன்னங்கால் மீள்கிறது. அதே பயிற்சியைக் கொடுத்துக்கொண்டே மூளையில் பி.டி.என்.எஃப். உருவாவதைத் தடுத்தபோது பயிற்சியின் பலன் போய்விட்டது. 2009ல் வெளியான ஆய்வு. நீங்கள் ஊசியில் தேடுகிற பொருளைப் பயிற்சி உள்ளிருந்தே வரவழைக்கிறது, தேவைப்படுகிற சினாப்ஸில், தேவைப்படுகிற நொடியில்.

பயிற்சி என்றால் நீங்கள் அப்பாவின் விரலைப் பிடித்து மடக்கி நீட்டுவது அல்ல. மூட்டு இறுகாமல் இருக்க அது வேண்டும், ஆனால் அதில் அவருடைய முயற்சி இல்லை. அவர் மனம் வைத்து, தடுமாறி, பாதி தோற்றுச் செய்கிற அசைவுதான் கணக்கு. சுலபமாக வந்துவிட்டால் வேலையைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். வழக்கமான பிசியோதெரபி நேரத்தில் நோயாளி கையால் செய்யும் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 என்று அமெரிக்காவில் எண்ணிப் பார்த்து 2009ல் எழுதினார்கள். விலங்குச் சோதனைகளில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால் மீதியை வீட்டில்தான் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம், காலையில் அரை மணி, மத்தியானம், பொழுதோட என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோளில் வலி வந்தால் நிறுத்திக் காட்டுங்கள், கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். இரவுத் தூக்கம் குறையக் கூடாது, பகலில் கற்றது பதிவது தூக்கத்தில். குறட்டை பலமாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முழுக்கப் பழைய கை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டம்ளரைப் பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, வேட்டியைச் சுற்றிக்கொள்வது என்று சில வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வாய்ப்பிருக்கிறது. பேச்சுக்கும் இதே கதைதான், பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது, பாருங்கள்.

செலவுக்கு: 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, ரத்த அழுத்த மாத்திரையும் கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள், பாதிப்பு 40 சதவீதம் என்று மதிப்பிட்டால் அரசுச் சலுகைகளுக்கு வழி உண்டு. அப்புறம், நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியை அண்ணன் ஏற்கட்டும். நிலத்தை விற்கத் தயாரானவர் அரை மணி நேரம் உட்கார மாட்டாரா?

கடைசியாகத் தறிக்குடோன். விடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கேட்டிருக்கிற ஒரே விஷயம் அது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவராக விரும்பிச் செய்கிற வேலையைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பெல்ட்டும் பாய்ந்து ஓடும் தறி நாடாவும் இல்லாத மூலையில் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டு, மேசையில் தடித்த கயிறும், ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சிகளில் காலியானவையும் வையுங்கள். தார்க்குச்சிகளை வலது கையால் எடுத்துப் பெட்டியில் அடுக்கட்டும். கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்க்கட்டும். அது வந்த பிறகு சணல், அதற்குப் பிறகு நூல். வேட்டி நுனியும் சட்டைக் கையும் தொங்காமல் இருக்கட்டும், தரையில் கிடக்கிற கழிவு நூலைக் கூட்டிவிடுங்கள், ஊன்றுகோல் அதில் வழுக்கும். முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வலிப்பு ஒரு தடவையாவது வந்திருந்தால் மட்டும், போவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.